முத்துக்கா

முத்துக்கா என்று அதற்குப் பெயர்.
பெயரில்தான் முத்து,
வாயில் கத்தி.

ஆகஸ்டு. தப்பஜோஸ் ஆறு வற்றி
மணல்திட்டுகள் முதுகு காட்டுகின்றன.
கரையிலிருந்து ஒரு மணி நேரம் உள்ளே,
மரம் சாய்ந்து திறந்த சிறுவெளியில்
அசாயி நிற்கிறது, கறுப்பு.
பத்தடி தள்ளி ஃபரீன்யா, வெள்ளை.
இரண்டு கயிறும் ஜந்தீராவின் கையில்.
வலையோடு சுற்றி வருகிறாள் டெல்மா,
காதில் பென்சில்,
இடுப்பில் சாராயக் குப்பிகள்.

வெயில் இலையைத் துளைத்து இறங்கியதும்
வயிற்றுக்கடியில் முதல் ஈ.
பத்து மணிக்குள் முப்பத்தொன்று:
கறுப்பில் இருபத்தேழு
வெள்ளையில் நான்கு.
கணக்கு பிசகியதோ என்று
டெல்மா மறுபடி எண்ணுகிறாள்.
அசாயி காலை உதைத்துச் சொல்கிறது,
பிசகவில்லை.

கடித்த இடத்தில் ரத்தம் நூலாக இறங்க,
அதை நக்க வேறு சின்ன ஈக்கள் வருகின்றன.
அவற்றுக்குக் கத்தி இல்லை,
காத்திருக்கத் தெரியும்.

ஆண் ஈ பூவோடு போய்விடும்,
முட்டைக்காகத்தான் ரத்தம் என்கிறாள் டெல்மா.
'மூன்று பெற்றவளிடமா சொல்கிறாய்?'
ஜந்தீரா தன் கழுத்தில் தானே அறைந்துகொள்கிறாள்.
அது இருபத்தெட்டாவது.
ஏட்டில் ஏறவில்லை.

அந்தியில் வெளிர்பச்சையாய் ஒரு வகை,
கால்மணி நேரம் மட்டும்.
அதற்கும் ஒரு குப்பி.

டிசம்பரில் மழை.
ஜனவரியில் பாதை ஓடையாகிறது.
மார்ச்சில் ஓர் ஈ, குதிரைக்கொம்பு.

எண்ணும் நாளுக்குத்தான் கூலி.
உலர்மாதத்தில் பன்னிரண்டு நாள்,
மழையில் இரண்டு.
மாவுக்கடையில் கடன் ஏறிய பின்
ஜந்தீரா கேட்டாள்:
'இல்லாததையும் எண்ண வேண்டாமா?
நீ வராத நாளில் ஈ வரவில்லை என்று
யார் சொல்வது?'

டெல்மா பென்சிலைக் கடித்தபடி
வெகுநேரம் நின்றாள்.
நகரத்துக்கு ஒரு கடிதம் போனது.

இப்போது மழையில் நால்வரும் நிற்கிறார்கள்.
தார்ப்பாய்க்குக் கீழே ஏடு.
எட்டு மணி, பூஜ்யம்.
ஒன்பது, பூஜ்யம்.
சொட்டு விழும்போதெல்லாம்
அசாயியின் தோல் சிலிர்க்கிறது, வால் அடிக்கிறது.
ஆகஸ்டை அது இன்னும் நம்புகிறது.

பதினொன்றரைக்கு
ஃபரீன்யாவின் தோளில் கரும்புள்ளி ஒன்று.
வலையைத் தூக்கிக்கொண்டு டெல்மா ஓட,
கயிற்றை விட்டு ஜந்தீராவும் ஓட,
கிட்டப் போனால்
நனைந்த இலைத்துணுக்கு.

'வட்டத்தை நன்றாகப் போடு,'
என்றாள் ஜந்தீரா,
'கால்கடுக்க நின்று வாங்கியது.'