மகரந்தக் கறை

ஒயின் போகும், உப்பும் பாலும் வைத்தால்.
ரத்தம் போகும், தண்ணீர் குளிர்ந்திருந்தால்.
மெழுகைச் சுரண்டிவிடலாம்.
லில்லியின் மகரந்தம் மட்டும்
லினன் துணியில் விழுந்தால் விழுந்ததுதான்.
துணி வெளுக்கிறவளைக் கேளுங்கள்.

மெகெலன் நகரத்தில், எங்கள் கன்னியர் மனையில்,
பதினொரு வருடமாகப் பீடத்துணிகள் என் கையில்.
அந்த ஜூனில் ஓவியர் கோஸ்வின் வந்தார்.
மூன்று பலகைக்கு ஒப்பந்தம்.
நீலம் எத்தனை அவுன்ஸ், எந்தப் பூ எதற்கு,
எல்லாம் எழுதியிருந்தது:
ஐரிஸ், தாயின் நெஞ்சில் இறங்கும் வாளுக்கு.
கொலம்பைன் ஏழு, ஏழு துயரங்களுக்கு.
நடுப் பலகையில்
வானதூதர் வந்து நிற்கும் அறையில்
ஜாடி நிறைய வெள்ளை லில்லி.

எங்கள் தோட்டத்துப் பூதான்.
வெட்டி வைக்கச் சொன்னார்கள், வைத்தேன்.
ஜாடிக்கு அடியில் விரித்திருந்ததோ
சாம்பல் நீரில் அவித்து, மோரில் ஊறவைத்து,
இருபது நாள் புல்லில் விரித்து
மேகம் வந்தபோதெல்லாம் மேகத்தைத் திட்டி
நான் வெளுத்தெடுத்த திருவிழாத் துணி.

ஒவ்வொரு பூவுக்குள்ளும் ஆறு மஞ்சள் நாக்கு.
கட்டைவிரல் நகத்தால்
அத்தனையையும் கிள்ளி
அடுப்புச் சாம்பலில் போட்டேன்.

கோஸ்வின் பார்த்ததை வரைகிறவர்.
ஜாடியின் வயிற்றில் வளைந்து தெரிந்த ஜன்னலையும்,
அதில் ஒட்டுப்போட்ட கண்ணாடியையும்கூட
விட்டுவைக்கவில்லை.

மங்கள வார்த்தைத் திருநாளில் கதவுப் பலகைகள் திறந்தன.
குரு எவராத் பிரசங்க மேடையிலிருந்து கை நீட்டினார்:
"இந்த லில்லிக்குக் கேசரமே இல்லை, பாருங்கள்!
ஆணறியாத தாய்மையை
எத்தனை இரவு தியானித்திருந்தால்
ஒரு தூரிகைக்கு இது வாய்க்கும்!"
கோஸ்வின் தலை குனிந்தார்.
தன்னடக்கம் என்றார்கள்.

முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டேன்.
அலைடிஸ் முழங்கையால் இடித்தாள்:
"ஹைல்விக், அழுகிறாயா?"

கூட்டம் கலைந்த பிறகு
விளக்கில் எண்ணெய் ஊற்றப் போனவள்
முதல்முறையாகக் கிட்டத்தில் பார்த்தேன்.
நீலம் அழகு. தூதரின் இறகு மயில்போல.
ஜாடிக்கு அடியில், வரைந்த துணியின் மடிப்பில்,
கடுகளவு
மஞ்சள்.

முந்தானையை எச்சில் தொட்டு
கை பாதிவரை போய்விட்டது.
பிறகுதான் அது மரம் என்று உறைத்தது.

அன்றிரவு மெழுகுவர்த்தியோடு
பெட்டியைத் திறந்து துணியை விரித்தேன்.
ஒன்பது மாதம், நான்கு வெளுப்பு.
அதே மடிப்பில், அதே இடத்தில் இருந்தது.

கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தேன்.
அந்தப் பக்கம் உள்ளே வர
மடித்து வைத்தேன்.