எந்தக் கால்

ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு எதிரே
பால் வண்டி இன்னும் வராத டீக்கடையில்
இரவு இரண்டரை மணிக்கு
நாங்கள் நான்கு பேர்,
கல்மண்டபம் ராக்கெட்ஸின் கடைசி ரசிகர்கள்.

கடைசி என்றால் கஜபதி ஒத்துக்கொள்ளமாட்டான்.
மணலியில் ஒருத்தன் இருக்கிறான் என்பான்,
எண்ணூரில் ரெண்டு பேர்.
கூட்டிப் பார்த்தால் ஒரு டீமுக்கு ஆள் தேறாது.

உள்ளே தனகோட்டி.
சர்க்கரை. காலில் புண்.
கட்டைவிரலில் ஆரம்பித்தது
கணுக்காலைத் தாண்டிவிட்டது என்று
மருமகன் போனில் சொன்னான்.
அதற்குமேல் அதைப் பேச யாருக்கும் வாய் வரவில்லை.
மஸ்தானைப் பேசினோம்.

மஸ்தான் நடுவில் நின்றால் போதும்,
கடன் கொடுத்தவனைப்போல் பந்து அவனைத் தேடிவரும்.
ஓடமாட்டான். வியர்க்காது.
ஆட்டம் முடிந்ததும் பனியனை நாலாய் மடித்து
துவைக்காமல் அடுத்த ஞாயிறுக்கு வைத்துக்கொள்வான்.

கோலி லாசர், காசிமேட்டில் வலை இழுத்த கை.
பெனால்டிக்கு முன்னால்
கம்பத்தைத் தட்டிக்கொடுப்பான்
வண்டிமாட்டைத் தட்டுவதுபோல.

பெரம்பூரிலிருந்து வந்த டெரிக்
தமிழில் திட்டுவான், இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்பான்.
அவன் ஆஸ்திரேலியா போனான்,
பூட்ஸ் போகவில்லை.
மூன்று வருஷம் எத்திராஜ் போட்டான்,
அப்புறம் எத்திராஜின் தம்பி,
அப்புறம் அந்தத் தெரு நாய்.

பனியனா?
வெள்ளையில் மொத்தமாய் வாங்கி
வண்ணாரப்பேட்டையில் மஞ்சள் சாயம் முக்கியது.
ஒரு மழை ஆட்டத்துக்குப் பிறகு பதினொரு பேரும்
காமாலை கண்டவர்கள்போல் வரிசையாய் நின்று
பன் பட்டர் தின்றார்கள்.

சிரித்தோம். சிரித்து முடித்ததும்
ஆஸ்பத்திரி கேட்டைப் பார்த்தோம்.

கொண்டையா மெல்ல ஆரம்பித்தான்:
"எண்பத்தாறு. சூளை பிரதர்ஸ். செமி ஃபைனல்."
இதற்காகத்தான் எல்லோரும் காத்திருந்தோம்.
"நீ சொல்லு," என்று என்னைக் காட்டினார்கள்,
அதை என்னைப்போல் யாரும் சொன்னதில்லை.

இடது ஓரம். புழுதி.
தனகோட்டி மூன்று பேரைத் தாண்டுகிறான்.
"நாலு," என்றான் புருஷோத்.
நாலு பேரைத் தாண்டி, தலை தூக்காமல்
இடது காலால் ஒரு வெட்டு.
பந்து வளைந்து, கம்பத்தை முத்தமிட்டு, உள்ளே.

நான் அந்த ஆட்டத்தைப் பார்க்கவில்லை.
இதை எங்கேயும் சொன்னதில்லை.
அன்றைக்கு எனக்கு ஹார்பரில் செகண்ட் ஷிஃப்ட்.
பாலத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஏறும்போது
மைதானத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது,
ஊரே ஒரே தொண்டையாகி.
அந்தச் சத்தத்தை வைத்துக்கொண்டுதான்
இத்தனை வருஷமாய் கோல் போடுகிறேன்.

மூன்றரைக்கு நர்ஸ் வெளியே வந்தாள்.
"தனகோட்டி அட்டெண்டர் யாரு?"
மருமகன் எழுவதற்குள் நாங்கள் நால்வரும் ஓடினோம்.
"முட்டிக்குக் கீழ எடுத்தாச்சு."
"எந்தக் கால்?"
நாலு வாயும் ஒரே கேள்வி.
அவள் எங்களை ஒவ்வொருவராய்ப் பார்த்தாள்.
"வலது."

அப்பாடா என்றான் கஜபதி. சத்தமாக.
கொண்டையா வானத்தைப் பார்த்துக் கும்பிட்டான்.
மருமகன் மட்டும் சுவரோடு திரும்பி நின்றான்,
அவன் முதுகு குலுங்கியதைப் பார்த்த பிறகுதான்
எங்களுக்கு உறைத்தது.

விடிந்தபின் உள்ளே விட்டார்கள்.
போர்வை ஒரு பக்கம் மேடு,
மறுபக்கம் பாதியில் தரை.
என்ன சொல்வதென்று தெரியாமல் புருஷோத் சொன்னான்:
"இடது பத்திரமா இருக்கு தலைவா.
சூளை மேட்ச் கால்."

தனகோட்டி உதட்டை நனைத்துக்கொண்டான்.
"டேய், அது வலதுலதான்டா அடிச்சேன்.
இடதுல அன்னிக்கி நகம் பேந்திருந்திச்சி."

சொட்டுமருந்து இறங்குவது கேட்டது.

கஜபதி குனிந்து போர்வையை இழுத்துவிட்டான்.
"மயக்கமருந்து பேசுது. நீ தூங்கு."

வெளியே வெயில் ஏறியிருந்தது.
டீ வந்தது, யாரும் தொடவில்லை.
அவனுக்கே ஞாபகம் இல்லை பாரேன் என்றான் ஒருத்தன்.
இடதுதான், இல்லையா என்று
என்னைப் பார்த்தார்கள்.

"இடதுதான்," என்றேன்,
பார்த்தவன்போல.