மழை: ஆஃப்

நாலு வருஷமாக மழையை அணைத்து வைத்துத்தான்
வண்டி ஓட்டினேன்.
செட்டிங்கில் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறது.
மழை, நிழல், புல், தூரத்து மலை,
ஒவ்வொன்றாக டிக்கை எடுத்தால்
படம் திக்காமல் ஓடும்.
மலை இல்லாத ஊரில், மொட்டைத் தரையில்,
ஈரமே படாத தார்ச்சாலையில்
இருபத்தெட்டு ஃபிரேம்.

பத்தாயிரம் சீட்டு.
தள்ளு ஆயிரத்து நானூறு போக
எட்டாயிரத்து அறுநூறு.
அதில் பாதி அக்காவுடையது.
அதைப் பற்றி இன்னும் அவளிடம் பேசவில்லை.

பிராசஸரை மாற்றினால் போர்டை மாற்றணும்,
போர்டை மாற்றினால் ராமை மாற்றணும்.
பட்டன் வாங்கப் போனவன்
கல்யாண ஜவுளி எடுத்துக்கொண்டு திரும்பின மாதிரி.
அதனால் பிராசஸரே, நீ இரு.
நானும்தான் ஒன்பது வருஷமாக
ஒரே கல் யூனிட்டில் இருக்கிறேன்.

பழையபேட்டை இம்தியாஸ்
கார்டை ஒரு லுங்கித் துணியில் சுற்றி வைத்திருந்தான்.
"மூணு கை மாறினது. பொய் சொல்லமாட்டேன்."
பத்து நிமிஷம் ஓட்டிக் காட்டினான்.
வாரண்டி?
"கடைப்படி இறங்குற வரைக்கும்."
ஐயாயிரத்து ஐந்நூறு.
நான் மெதுவாகத்தான் படி இறங்கினேன்.

இறங்கினவனைக் கூப்பிட்டு,
இந்தக் கார்டு கேட்கிற கரண்டை
உன் பழைய எஸ்எம்பிஎஸ் தராது என்றான்,
பணத்தை எண்ணி உள்ளே வைத்த பிறகு.
அது ஆயிரத்து எழுநூறு.
எஸ்எஸ்டி ஆயிரத்து நூறு.
பேஸ்ட் ஒரு டியூப் நூற்றைம்பது.
மிச்சமும் அதே நூற்றைம்பது.
பர்கூர் பஸ்ஸுக்குப் போக மூணு பரோட்டா,
கேட்கக் கேட்க சால்னா.

வீட்டில் பெட்டியைத் திறந்தேன்.
ஜெகதேவி மொத்தமும் உள்ளே உட்கார்ந்திருந்தது.
ஃபேன் இறக்கை ஒவ்வொன்றிலும் கல்மாவு,
என் காலர் மடிப்பில் இருக்கிற அதே சாம்பல் நிறம்.
யாரையும் குற்றம் சொல்ல முடியாது.
நான்தான் தினமும் கொண்டுவந்து ஊட்டியிருக்கிறேன்.

கார்டின் நீளம் இருபத்தேழு சென்டிமீட்டர்.
உள்ளே இடம் இருபத்துநாலு.

ஞாயிற்றுக்கிழமை,
எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு
வெறும் கூட்டை மட்டும் யூனிட்டுக்குத் தூக்கிப்போனேன்.
சென்றாயன் டேப் வைத்துப் பார்த்தான்.
"பாலிஷுக்கு மூணு மில்லி விடட்டா?"
கை பழக்கம், வாயிலும் வந்துவிட்டது.
ஹார்ட் டிஸ்க் மாட்டுகிற தகரக் கூண்டை
கிரைண்டரில் அறுத்தோம்.
கல் தண்ணீரோடு அறுபடும், பொறி தெரியாது.
தகரம் தீபாவளி.
பிறகு கம்ப்ரஸர் ஹோஸை எடுத்து,
ஷிஃப்ட் முடிந்து ஒருத்தரையொருத்தர் ஊதிக்கொள்வோமே,
அப்படியே அதையும் ஊதினோம்.
"திரும்பு" என்றான் சென்றாயன்,
பெட்டியைப் பார்த்து.

ராத்திரி பதினொன்றரைக்குத் திரை வெளிச்சமானது.
மலையைப் போட்டேன், எழுந்தது.
புல்லைப் போட்டேன், ஐம்பத்தெட்டு ஃபிரேம்.
நிழலும் மழையும் சேர்த்துப் போட்டதும்
பிராசஸர் தொண்ணூறு டிகிரியில் முனகியது,
படம் பழையபடி திக்கியது.
என் காசுக்கு ரெண்டில் ஒன்றுதான்.
நிழலை எடுத்துவிட்டேன்.

நிழலில்லாத மனிதர்கள்
குடை பிடித்து ரோட்டைக் கடந்தார்கள்.
ரேஸ் ஆரம்பமாகிவிட்டது,
மற்ற வண்டிகள் எல்லாம் போய்விட்டன.
நான் ஓரங்கட்டி நிறுத்தி
வைப்பரை மட்டும் ஓடவிட்டேன்.
கண்ணாடியில் ஒரு துளி
இன்னொன்றோடு சேர்ந்து இறங்குகிறது.
அதையும் எவனோ உட்கார்ந்து செய்திருக்கிறான்.

ஸ்பீக்கரைக் குறைக்க மறந்திருந்தேன்.
பக்கத்து அறையில் அக்கா முனிரத்னா
தூக்கத்திலேயே எழுந்து
கொடித் துணி எடுக்க மாடிக்கு ஓடினாள்.
மேலே கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

துணியை அள்ளிக்கொண்டுதான் இறங்கி வந்தாள்,
போனது போனோம் என்று.
வாசலில் நின்று திரையைப் பார்த்தாள்.
அறுபட்ட பெட்டியைப் பார்த்தாள்.
"எவ்வளவுடா இந்த மழை?"

ரெண்டாயிரம் என்றேன்.