பெருக்கும் எண்

கண்ணாடிக் குழாயில் பால் கறுக்கும்.
அமிலம் ஊற்றி நானூறு டிகிரியில் வைத்தால்
எந்த வெள்ளையும் முதலில் கரியாகும்,
பிறகு இளம்பச்சையாய்த் தெளியும்.
வெளுத்ததெல்லாம் பால் என்பவர்கள்
என் மேசைப் பக்கம் வந்ததில்லை.

ஸ்காரா ஆய்வுக்கூடம். நவம்பர்.
நான்கு மணிக்கே ஜன்னலில் என் முகம்தான் தெரிகிறது.
இன்று இரண்டு குப்பிகள்:
4471, பசும்பால்.
4472, ஓட்ஸ் பானம்.
பால் என்று அதன் பெட்டியில் அச்சடிக்கச் சட்டம் விடாது.
காபிக்கு ஊற்றுபவர்கள்
சட்டத்தைக் கேட்டுக்கொண்டா ஊற்றுகிறார்கள்?

புரதத்தை நாங்கள் அளப்பதில்லை.
நைட்ரஜனை அளக்கிறோம்,
ஓர் எண்ணால் பெருக்குகிறோம்.
பாலுக்கு ஆறு புள்ளி மூன்று எட்டு,
ஓட்ஸுக்கு ஐந்து புள்ளி எட்டு மூன்று.
அதே நைட்ரஜன்தான்.
மாட்டுக்குள் புகுந்து வந்தால் ஒரு மதிப்பு,
கதிரில் ஏறி வந்தால் ஒரு மதிப்பு.
இதை அநியாயம் என்று நினைக்கும் வயது
எனக்கும் இருந்தது.

விடை: நூறு கிராமுக்கு
அங்கே மூன்றரை, இங்கே ஒன்று.
அந்த ஒன்றிலும் லைசின் குறைச்சல்.

போன வருடம் டோர்கெல் முப்பத்தெட்டு மாடுகளை விற்றான்.
வாங்கியவரோடு கைகுலுக்கிவிட்டு உள்ளே வந்து,
கறவைக் குழாய்களை
இன்றைக்கும் கழுவ வேண்டுமா என்று கேட்டான்.
கழுவினான்.
இந்த ஆகஸ்டில் அதே மண்ணில் ஓட்ஸ் முற்றியது,
லாரி வந்தது, ஆலைக்குப் போனது.
4472க்குள் அவன் நிலத்து மணி ஒன்று இருக்கலாம்.
4471க்குள் அவன் விற்ற மாட்டின் சொட்டு ஒன்று இருக்கலாம்.
எது யாருடையது என்ற தாள் வேறு அறையில் பூட்டிக் கிடக்கிறது.
நல்லதுதான்.

"எது ஜெயித்தது?" என்றான்,
உருளைக்கிழங்கின் தோலை உரித்துக்கொண்டே.

யாருடைய வயிற்றில் என்று கேள், டோர்கெல்.
பால் பண்ணைக்காரனைக் கட்டிக்கொண்டு
இருபது வருடம் அடிவயிற்றைப் பிடித்தபடி பால் குடித்தேன்.
லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாது என்று
நாற்பத்துமூன்றில்தான் சொன்னார்கள்.
உனக்கோ இரத்தத்தில் கொழுப்பு.
ஓட்ஸின் நார் அதைக் கொஞ்சம் இழுத்துப்போகும்,
ஆனால் இனிப்பே சேர்க்காத பெட்டியிலும்
மாவுச்சத்து உடைந்த இனிப்பு ஒளிந்திருக்கும்.
இதற்கெல்லாம் பெருக்க
என்னிடம் எண் இல்லை.

அப்போது சிக்னில்ட் போன் செய்தாள்.
அவள் பையன் ஆல்வாருக்குப் பதினான்கு மாதம்.
பசும்பால் பட்டால் உதடு தடிக்கிறது.
"நீதானே இதையெல்லாம் எரிக்கிறாய், எதைக் கொடுக்க?"
முதலில் டாக்டரைக் கேள் என்றேன்.
சோயா என்று அவர் சொன்னால்,
பெட்டியின் முன்பக்கப் புல்வெளியைப் பார்க்காதே,
பின்பக்கப் பொடி எழுத்தைப் படி.
கால்சியம் சேர்த்திருக்கிறதா? அயோடின்? பி பன்னிரண்டு?
பாதாம் வேண்டாம்.
அந்தப் பெட்டியில் பாதாம் இரண்டு சதவீதம்,
மீதி தண்ணீரும் படமும்.
"பாட்டில் பாலை விட்டு அவன் நாயின் தட்டை நக்குகிறான்" என்றாள்.
அதற்கும் என்னிடம் எண் இல்லை.

காலையில் டோர்கெல் ஓட்ஸ் பெட்டியைத் திறந்து
அப்படியே சாய்த்தான்.
குலுக்கு என்றேன். சேர்த்த சுண்ணாம்பெல்லாம்
அடியில் படிந்திருக்கும், மேலே வருவது வெறும் கஞ்சித் தண்ணீர்.
"மாட்டை யாரும் குலுக்கியதில்லை" என்றான்.
குலுக்கினான்.
மூடியை மறந்திருந்தான். மேசை, சட்டை, நாளிதழ்.
இருவரும் ஆளுக்கொரு துணியோடு துடைத்தோம்.
பல நாளுக்குப் பிறகு சிரித்தான் என்று சொல்லலாம்,
துடைக்கும்போது அவன் முதுகுதான் தெரிந்தது.

ஆய்வுக்கூடத்தில் என் மேசைமேல் ஒரு சீட்டு:
4472, கால்சியம், இரண்டு அளவும் ஒத்துவரவில்லை,
மறுபடி செய்யவும்.
யாரோ குப்பியைக் குலுக்காமல் எடுத்திருக்கிறார்கள்.

கையெழுத்து என்னுடையது.