கீழே வைப்பது

கிரிம்ஸ்பி மீன் ஆலையிலிருந்து நேராக
ரப்பர் பூட்ஸோடு வந்திருந்தான் ரிம்வீதாஸ்,
கோட்டுக்குள் பதினாலு வயது நாய்.

சென்ற முறை தடுப்பூசிக்குக் காத்திருக்கையில்
என்னிடம் ஒப்பித்துக் காட்டியவன்:
புட் ஆன் கையுறைக்கு, புட் அவே கத்திக்கு.
சம்பளத்தைப் புட் ஆஃப் செய்தபோது மட்டும்
இரண்டு தரம் கேட்டுக்கொண்டானாம்.
வாடகையைப் புட் அப் செய்தார்கள்;
அதன் வாலில் ஒரு வித் ஒட்டியதும்
பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட வேண்டியதுதான்
என்று சிரித்தான்.

இன்று டாக்டர் ஹாலம்
எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்,
கண்ணாடியைக் கழற்றினாள்.
புட் ஹிம் டவுன்,
அதுதான் அவனுக்கு நல்லது, என்றாள்.

தலையாட்டினான்.
குனிந்து, முதலில் பின்கால்கள், பிறகு முன்கால்கள்,
முட்டைத் தட்டை இறக்குவதுபோல்
தரையில் வைத்தான்.

நாய் நின்றது. கொஞ்சம் தள்ளாடியது.
மேசைக்காலை முகர்ந்துவிட்டு
வாலை ஒருமுறை அசைத்தது.

நிமிர்ந்து எங்களைப் பார்த்தான்,
சொன்னதைச் செய்துவிட்ட முகத்தோடு.

ரசீது எழுதிக்கொண்டிருந்த எனக்கு
அது தாய்மொழி.
வேறு சொல் ஒன்றும் வரவில்லை.