மூன்றாவது ரோபோ

படிவத்தில் ஏழு கேள்விகள்.
சாட்ஸ்வர்த் சாலையோரம் நிற்கிறோம்
நானும் தவனேசன் படையாச்சியும்.
அவர் வார்டில் பதினோரு வருடம்,
நான் அங்கே வேலைக்குச் சேர்ந்து மூன்று.

டவுனுக்கு எந்த விரல் காட்டுவது என்று
நேற்று ராத்திரி கேட்டுத் தெரிந்துகொண்டேன்,
காரில் போகிறவள் நான்.
அவர் கை தானாகவே எழுந்தது,
மாத்திரை நடுக்கத்தோடு ஒற்றை விரல்.

டாக்சியில் மிச்சம் இரண்டே இடம்:
பின்வரிசையில் ஒன்று,
டிரைவர் பக்கத்தில் ஒன்று.
முன்னால் உட்காருகிறவர்தான்
எல்லோர் காசையும் எண்ண வேண்டும்.
நான் வாய் திறப்பதற்குள் அதில் ஏறிவிட்டார்.

தோள் தோளாகத் தட்டி முன்னே போகிறது பணம்.
ஐம்பது ராண்டு, இரண்டு பேருக்கு.
நூறு, ஒருத்தர், சில்லறை இல்லையாம்.
பிஸ்கட் தின்னும் பையனின் பிசுபிசுத்த நாணயங்கள்.
கடைசியில் என்னுடையதும்.
ஒரு ரேசருக்கு மூன்று கையெழுத்து கேட்கும்
வார்டிலிருந்து வந்தவர் மடியில்
பதினான்கு பேரின் பணம்.

இரண்டு ராண்டு குறைகிறது என்று
ஜுலுவில் ஓர் அம்மா அதட்டினாள்.
மறுபடி எண்ணினார். பின்கழுத்து வேர்த்தது.
தொடைக்கடியில் கிடந்தது காசு.
கை மாறிக் கை மாறி வந்து சேர்ந்தது, பேச்சு முடிந்தது.

உம்பிலோ. அடுத்த மாதம் முதல்
அவர் தனியாக வரவேண்டிய கிளினிக்.
சிக்னலுக்கு இங்கே ரோபோ என்று பெயர்,
"ஆஃப்டர் ரோபோ" என்று கத்தினால்தான் வண்டி நிற்கும்.

வார்டில் கத்தினால்
நாலு பேர் வருவார்கள், ஊசி வரும்,
குறிப்பேட்டில் என் கையெழுத்து வரும்.
அந்தக் குரலைத்தான்
இப்போது எடுங்கள் என்கிறேன்.

விளக்கு பச்சையானது.
முன்னால் அவர் தலை அசையவில்லை.
நான் கத்தியிருக்கலாம்.
நாக்கைக் கடித்துக்கொள்ளத்தான்
நாலு வருடம் படித்தேன்.
ஜன்னலில் கிளினிக் போனது.
அடுத்த ரோபோவும் போனது.

மூன்றாவதில்
பாட்டுப் பெட்டியின் அதிர்வுக்கு மேலே
"ஆஃப்டர் ரோபோ!"
பையன் பிஸ்கட்டை நழுவவிட்டான்.
அத்தனை சத்தம் தேவையில்லைதான்.
வண்டி நின்றது.
யாரும் வரவில்லை.

வெயிலில் இருபது நிமிஷம் திரும்பி நடந்தோம்.
"கதவை அடிச்சுச் சாத்தாதீங்க,
டிரைவருக்குக் கோவம் வரும்" என்றார் என்னிடம்.

ஐந்தாம் கேள்வி: சரியான இடத்தில் இறங்கினாரா?
இல்லை என்று எழுதினேன்.
ஓரத்தில் அரை அங்குலம் வெள்ளை இருந்தது.
வேறெதுவும் தோன்றாமல்
'மூன்றாவது ரோபோ' என்று எழுதி
தேதி போட்டேன்.