திராட்சை வாசம்

ஆய்வக ஜன்னல் வழியாக அவன் நீட்டியது
பாதி குடித்த ஒரு லிட்டர் பாட்டில்.
லேபிளில் பனிமலை.
வெளியே மதுரையின் மே மாதம்,
வைகைப் பாலத்துக்குக் கீழே
மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

"இதச் சோதிச்சுச் சொல்லுங்கம்மா."

வாங்கக் கூடாது.
சீட்டு வேண்டும், டாக்டர் கையெழுத்து வேண்டும்,
கிருமி நீக்கிய குப்பியில் எடுத்திருக்க வேண்டும்.
வாங்கி வைத்துக்கொண்டேன்.

பெயர் தவமணி.
உசிலம்பட்டியில் பஞ்சர் கடை.
மகள் இலக்கியா, ஒன்பது வயது,
மூன்றாம் மாடியில் ஓரக் கட்டில்.
மூன்றாவது சுற்று மருந்து ஏறி முடிந்து
வெள்ளையணு இருநூறுக்குக் கீழே.
காவல்காரர் எல்லோரும்
ஒரே நாளில் ஊரைவிட்டுப் போனது மாதிரி.

"குழாத் தண்ணிய அவ நாக்குல காட்டலம்மா.
மூடி திருகயில சீல் உடையுற சத்தம்
எங் காதுல விழுந்தாத்தான் குடுப்பேன்."

பிறகு, போகத் திரும்பியவன்,
கையில் ஒட்டியிருந்த ரப்பர் பசையைச் சுரண்டிக்கொண்டே:

"ட்யூபுல ஓட்டயின்னா தண்ணியில முக்குனாத் தெரிஞ்சுபோகும்.
தண்ணியிலயே ஓட்டயின்னா
அத எதுல முக்குறது?"

மூன்று தட்டுகள் போட்டேன்.
முப்பத்தேழு டிகிரி, இரண்டு இரவு.
அந்த இரண்டு நாளும்
எங்கள் மூலையில் இருக்கும் இருபது லிட்டர் கேனில்தான் குடித்தேன்.
இருளப்பன் தோளில் வருகிற கேன்.
கவிழ்ப்பதற்கு முன்
கழுத்தில் கிடக்கும் துண்டால்
அதன் வாயைத் துடைப்பார். ஒரு மரியாதைக்காக.
ஆறு வருடமாகக் குடிக்கிறேன்.
ஒரு தும்மல்கூட வந்ததில்லை.

மூன்றாம் நாள் காலை.
இன்குபேட்டர் கதவைத் திறந்ததும்
கண்ணுக்கு முன்னால் மூக்குக்குத் தெரிந்தது.
கம்பத்துப் பன்னீர் திராட்சை
கூடையோடு வெயிலில் கனிந்த வாசம்.
தட்டு முழுக்கப் பச்சை,
தெப்பக்குளத்து ஓரத்தில் படியுமே, அந்தப் பச்சை.
அழகு என்று சொல்லக் கூடாது.
அழகாகத்தான் இருந்தது.

சூடோமோனாஸ்.
ஈரம் எங்கே உண்டோ அங்கே அதற்கு வீடு.
தட்டு பெயரைச் சொல்லும், முகவரி சொல்லாது.
ஆலையின் குழாயா,
லாரியில் வெயில் காய்ந்த நாட்களா,
திறந்தபின் கட்டிலோரம் நின்ற இரவா,
அவன் கையா.
இதே சரக்கின் இன்னொரு பாட்டில்
எந்தக் கல்யாண மண்டபத்திலோ
இலைக்கொன்றாக வைக்கப்பட்டிருக்கும்.
சாப்பிட்டவர்கள் மொய் எழுதிவிட்டு
வெற்றிலை போட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

இலக்கியாவின் ரத்தக் குப்பியை எடுத்துப் பார்த்தேன்.
இதுவரை எதுவும் வளரவில்லை.
"இதுவரை."
ரிப்போர்ட்டில் நாங்கள் எப்போதும் எழுதுகிற சொல்தான்,
அன்றைக்குத் தட்டச்ச நேரமாயிற்று.

அவனிடம் சொன்னேன்.
"நாந்தானம்மா குடுத்தேன்" என்றான்.
கேள்வியா, இல்லையா, தெரியவில்லை.

"கொதிக்க வைங்க.
சீல் இருந்தாலும் சரி, பனிமலை இருந்தாலும் சரி.
தளதளன்னு ஒரு நிமிஷமாவது கொதிக்கணும்.
மூடியே ஆறட்டும். அன்னன்னைக்குள்ளது அன்னன்னைக்கு.
டாக்டர்ட்ட நான் பேசுறேன்."

"அப்ப இருபது ரூவா எதுக்கும்மா?"

அதற்கு என்னிடம் தட்டு இல்லை.

சாயங்காலம் டூட்டி முடிந்து இறங்கும்போது
கேட் எதிரே டீக்கடையில் நின்றிருந்தான்.
புதுப் பாட்டிலை உடைத்து
கடைக்காரரின் சின்ன அலுமினியச் சட்டியில் ஊற்றி
குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.
அடியிலிருந்து ஒன்று, ஓரத்தில் இரண்டு,
பிறகு எண்ண முடியாமல் குமிழிகள்.

"இம்புட்டு ஓட்டயா" என்றான்,
என்னைப் பார்க்காமல், சட்டியைப் பார்த்து.
கடைக்காரர் சிரித்தார்.
அவன் சிரிக்கவில்லை. ஒரு நிமிடத்தை
உதட்டால் எண்ணிக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை கேன் மாறியிருந்தது.
இருளப்பனின் துண்டு ஈரமாக
நாற்காலி முதுகில் காய்ந்துகொண்டிருந்தது.
தாகம்.
டம்ளரை முகர்ந்தேன், ஒரு வாசமும் இல்லை.
எனக்கு ஒன்றும் செய்யாது என்று தெரியும்.
குடித்தேன்.
எனக்கு ஒன்றும் செய்யவில்லை.